ரயில் பாதை நம் பகுதிவரை நீளும்போது: மேலேயா, கீழேயா, தரையிலா?

நகர ரயில் பாதை இப்போதைய கடைசி நிலையத்தைத் தாண்டி இன்னும் நான்கைந்து கிலோமீட்டர் நீளப்போகிறது என்று அறிவிப்பு வந்ததும், அந்தப் பகுதி இரண்டாகப் பிரிந்துவிடும். வேண்டும் என்பவர்கள் ஒருபுறம், வேண்டாம் என்பவர்கள் மறுபுறம். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் சத்தம் போட்டபின், பேச்சு ஒரே வரியில் வந்து நிற்கும்: "சுரங்கமாகப் போட்டால் சம்மதம், தூண் நட்டால் சம்மதமில்லை."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு முடிவெடுத்த பல பகுதிகள் பிறகு வருந்தியிருக்கின்றன. அதனால் ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளோடு பார்க்கலாம் என்று நினைக்கிறேன். வேலை நடக்கும் ஆண்டுகளில் சிரமம் யார் வாசலில் விழுகிறது? ரயில் ஓட ஆரம்பித்த பிறகு பலன் யார் கைக்குப் போகிறது? இரண்டுக்கும் ஒரே ஆள் பதிலாக வருவது அபூர்வம். சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

வேண்டாம் என்றால்

முதலில் இதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் 'வேண்டாம்' என்றால் எதுவும் மாறாது என்று பலர் நம்புகிறார்கள். பாஸ்டன் நகரின் சிவப்புப் பாதையை வடமேற்கே நீட்டும் திட்டம் 1970-களில் வந்தபோது, ஆர்லிங்டன் என்ற பக்கத்து ஊர் எதிர்த்தது. இன்னொரு பக்கத்து ஊரான சோமர்வில், பாதையை எங்கள் பக்கம் கொஞ்சம் வளைத்துக் கொண்டுவாருங்கள் என்று விடாமல் கேட்டது. கேட்டவர்களுக்கு டேவிஸ் சதுக்கத்தில் நிலையம் கிடைத்தது. 1984 டிசம்பரில் அது திறந்தது. எதிர்த்த ஊருக்குச் சற்று முன்னால், ஏல்வைஃப் என்ற இடத்தோடு 1985-இல் பாதை நின்றுவிட்டது. கடைசி நிலையம் என்பதால் அங்கே பெரிய பல அடுக்கு வாகன நிறுத்தகம் எழுந்தது. அதற்கு அப்பால் இருக்கிற ஊர்களின் கார்களெல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. ஆர்லிங்டன்காரர்கள் இன்றும் பஸ்ஸிலோ காரிலோ சைக்கிளிலோ போய்த்தான் அந்த ரயிலைப் பிடிக்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சலிஸின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் எதிர்ப்பு சட்டமாகவே ஆனது. குடியிருப்புகள் வழியாகப் போகும் ஒரு பழைய ரயில் தடத்தில், ஆழச் சுரங்கம் தவிர வேறு எந்த ரயிலும் கூடாது என்று 1991-இல் மாநிலச் சட்டம் வந்தது. சுரங்கத்துக்குப் பணம் இல்லை. கடைசியில் 2005-இல் அந்தத் தடத்தில் பஸ்களுக்கென்றே தனிப் பாதை போட்டார்கள். பயணிகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தார்கள். ரயிலாகவே இருந்திருக்கலாமே என்ற பேச்சு எழுந்தது. 2014-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பகுதியின் கையைக் கட்டிப்போட்டது, ஒரு தலைமுறைக்கு முந்தைய பயம்.

பஸ் பாதை மட்டமான தேர்வு என்று நான் சொல்லவில்லை. நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு நான்கைந்தாயிரம் பேருக்கு மேல் போகப்போவதில்லை என்றால், தனித் தடமும் அடிக்கடி வரும் பஸ்ஸும் போதும். செலவும் குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் 'ரயில் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, பஸ் தடத்துக்காகச் சாலையில் ஒரு வரிசை கேட்டால் அதையும் மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அது தேர்வே இல்லை. இன்றைய நெரிசலை அப்படியே அடுத்த தலைமுறையின் தலையில் கட்டுவது.

தரையில் ஓடும் பாதை

செலவில் மிகக் குறைந்தது இதுதான். நிலையம் தெருவோடு தெருவாக இருக்கும். படியும் லிஃப்டும் இல்லாமல் நடந்து போய் ஏறலாம். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் முட்டி வலியுள்ள முதியவர்களுக்கும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, லிஃப்ட் வேலை செய்யாத ஒரு நாளில் நிலையத்தின் அடியில் அவர்களோடு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குறை, குறுக்கே போகும் சாலைகளில் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் கேட் மூடுவதும் திறப்பதும் சமாளிக்கக் கூடியதுதான். மூன்று நிமிடத்துக்கு ஒன்று, அதுவும் இரண்டு திசையிலும் என்றால், கேட் திறப்பதற்கே நேரம் இருக்காது. நெரிசல் நேரத்தில் ஒரு மணியில் 40 நிமிடங்களுக்கு மேல் மூடியிருக்கும் கேட்டுக்கு ஜப்பானில் 'திறக்காத கேட்' என்றே தனிப்பெயர் உண்டு. பகுதி நடுவே கோடு கிழித்த மாதிரி ஆகிவிடும். பள்ளி ஒருபக்கம், வீடு மறுபக்கம் என்று இருக்கும் பிள்ளைகள்தான் முதலில் அவதிப்படுவார்கள். கேட் இல்லாமல் டிராம் மாதிரி சிக்னலில் நின்று போகச் செய்யலாம். அப்போது ரயிலின் வேகம் போய்விடும்.

ஆகவே சாலை அகலமாக, குறுக்குத் தெருக்கள் குறைவாக, ரயில்களுக்கிடையே இடைவெளி அதிகமாக இருக்கும் இடத்துக்கு மட்டும் இது பொருந்தும். நெருக்கமான பகுதியில் முதலில் மிச்சம் பிடித்த பணத்தை, பிறகு கேட்டை எடுக்க இரண்டு மடங்காகச் செலவழிக்க வேண்டி வரும்.

சுரங்கம் என்று சொன்னால் எந்தச் சுரங்கம்?

இங்கேதான் கூட்டங்களில் அதிகக் குழப்பம். சுரங்கம் என்றதும், பூமிக்கடியில் எங்கோ இயந்திரம் சத்தமில்லாமல் துளைத்துக்கொண்டு போகும், மேலே நம் வாழ்க்கை வழக்கம்போல் நடக்கும் என்று மனதில் ஒரு படம் வந்துவிடுகிறது. அது பாதி உண்மை.

சுரங்கத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இயந்திரம் வைத்து ஆழத்தில் துளைப்பது. மற்றது, சாலையையே வாய்க்கால் போல் வெட்டி, உள்ளே பெட்டி மாதிரி கான்கிரீட் கட்டி, மேலே மூடிச் சாலை போடுவது. இரண்டாவது வகை பெரும்பாலும் மலிவு, நிலையங்களும் மேலாகவே அமையும். ஆனால் வேலை முடியும்வரை அந்தச் சாலை சாலையாக இருக்காது.

வான்கூவரின் கேம்பி தெரு இதற்குப் பாடமாக நிற்கிறது. அந்தத் தெருவின் அடியில் போகும் ரயில் பாதையை 2010 குளிர்கால ஒலிம்பிக்குக்கு முன் முடித்தாக வேண்டியிருந்தது. துளைத்துக்கொண்டு போவார்கள் என்று தெருக்காரர்கள் நம்பியிருந்தார்கள். ஒப்பந்தம் எடுத்தவர்கள் பெரும்பகுதியை வெட்டி மூடும் முறையில் செய்தார்கள். கடைக்கு வர வழியில்லை, வண்டி நிறுத்த இடமில்லை. பல கடைகள் மூடின. 2009 ஆகஸ்டில் ரயில் ஓடியது, அதுவும் நல்ல கூட்டத்தோடு. அதே ஆண்டு, ஒரு கடைக்காரருக்கு 6 லட்சம் கனடிய டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரயில் பாதை வெற்றி என்பது உண்மை, அந்தக் கடைகள் திரும்பி வரவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் கழித்துவிட முடியாது, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு மனிதர்களுடைய கணக்கு.

இயந்திரம் வைத்துத் துளைத்தால் இந்தத் தொல்லை இல்லையா? இரண்டு நிலையங்களுக்கு நடுவே குடியிருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. நிலையம் அமையும் இடத்தில் அப்படியேதான் இருக்கும். நிலையத்தை மேலிருந்துதான் பெரும்பாலும் தோண்டுவார்கள். கால்பந்து மைதானத்தின் நீளத்தையும் தாண்டிய குழி, அதைச் சுற்றித் தகரத் தடுப்பு, மண் அள்ளும் லாரிகள் என்று நான்கைந்து ஆண்டுகள் போகும். அதாவது, துளைக்கும் சுரங்கம் பகுதியின் வலியைக் குறைப்பதில்லை, நிலையத்தைச் சுற்றிய சில தெருக்களில் குவித்துவிடுகிறது. டொராண்டோவின் எக்ளிண்டன் பாதையில் 2011-இல் வேலை தொடங்கியது. 2020-இல் முடிப்பதாகச் சொன்னது பல ஆண்டுகள் தள்ளிப்போனது. அந்தத் தெருவில் கரீபியப் புலம்பெயர்ந்தோரின் கடைகள் நிறைந்த 'லிட்டில் ஜமைக்கா' பகுதி, தடுப்புகளுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. சொந்த இடம் உள்ளவர் தாக்குப்பிடிக்கலாம். மாத வாடகை கட்டும் சிறு கடைக்காரருக்கு ஓராண்டு தாமதமே போதும், கதை முடிந்துவிடும்.

நிலத்தின் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 2009 மார்ச் 3-ஆம் தேதி கொலோன் நகரின் வரலாற்று ஆவணக் காப்பகம் இடிந்து விழுந்தது. பக்கத்தில் ரயில் சுரங்க வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். நூற்றாண்டுகளின் ஏடுகள் சேற்றில் புதைந்தன. 2019 ஆகஸ்ட் 31-ஆம் தேதி கொல்கத்தாவின் பௌபஜாரில் துளைக்கும் இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையைத் தொட்டதும் மண் இறங்கி வீடுகள் விரிசல் விட்டன, சில இடிந்தன, குடும்பங்கள் அவசரமாக வெளியேறின. இப்படி நடப்பது அரிது. ஆனாலும் பழைய கட்டடங்களும் உயர்ந்த நிலத்தடி நீரும் சேர்ந்த இடத்தில், வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் படம் எடுத்துப் பதிவு செய்து, அதன் நகலை வீட்டுக்காரரிடமும் கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். விரிசல் முன்பே இருந்ததா, பிறகு வந்ததா என்ற வழக்கில் அந்தப் படம்தான் பேசும்.

இன்னொன்று ஆழம். பாஸ்டனின் போர்ட்டர் நிலையம் தரையிலிருந்து 32 மீட்டர் கீழே இருக்கிறது. கீவ் நகரின் ஆர்செனல்னா 105 மீட்டர் ஆழம். எஸ்கலேட்டரில் நிற்கும் நேரமும் பயண நேரம்தான். இரண்டு நிலையத் தூரம் மட்டும் போகிறவருக்கு ஆழமான நிலையம் பஸ்ஸைவிடத் தாமதமாகிவிடலாம். அதோடு செலவு. நியூயார்க்கின் இரண்டாம் அவென்யூ சுரங்கத்தின் முதல் கட்டம் 3 கிலோமீட்டருக்கும் குறைவு, புதிய நிலையங்கள் மூன்றே. 2007-இல் தோண்டத் தொடங்கி 2017 ஜனவரி 1-ஆம் தேதி திறந்த அதற்கு 445 கோடி டாலர் ஆனது. செலவு ஏறும்போது முதலில் வெட்டப்படுவது என்ன தெரியுமா? நிலையங்களும் கூடுதல் வாசல்களும். சுரங்கம் கேட்டு வென்ற பகுதி, இரண்டு நிலையத்துக்குப் பதில் ஒன்றோடு திரும்புவது நடக்கிற கதை.

மேம்பாலப் பாதை

மேலே போகும் பாதை துளைக்கும் சுரங்கத்தின் செலவில் பாதியோ அதற்கும் குறைவோதான் ஆகும். தூண்களையும் தளத் துண்டுகளையும் வேறிடத்தில் வார்த்து இரவில் கொண்டுவந்து பொருத்தலாம் என்பதால் தெருவில் வேலை நாட்களும் குறையும். மெல்பர்னில் கால்ஃபீல்டு – டாண்டினாங் தடத்தில் 9 லெவல் கிராசிங்குகளை எடுத்துவிட்டு ரயிலைத் தூக்கி மேலே போடுவதாக 2016-இல் அறிவித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொதித்தார்கள். 2018-இல் வேலை முடிந்தது. அடியில் கிடைத்த நிலத்தில் நடைபாதை, சைக்கிள் தடம், விளையாட்டு இடம் எல்லாம் வந்தன. எதிர்ப்பு முழுவதும் கரைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பின்கட்டில் துணி உலர்த்தும்போது ரயிலிலிருந்து பார்க்கிறார்கள் என்பவரின் கூச்சம், பூங்கா வந்ததால் போய்விடாது.

சத்தத்தைப் பற்றி நேரடியாகவே பேசலாம். ஒரு மேம்பாலப் பாதையின் வளைவுக்கு எதிரே மூன்றாவது மாடியில் சில ஆண்டுகள் குடியிருந்திருக்கிறேன். நேர்ப்பாதையில் போகும் ரயில் ஒரு மாதத்தில் காதுக்குப் பழகிவிடும். வளைவில் சக்கரம் தண்டவாளத்தில் உரசிக் கீச்சிடும் ஒலி பழகவே பழகாது. பழைய இரும்பு மேம்பாலங்களின் இரைச்சலை நினைத்துக்கொண்டு இன்றைய கான்கிரீட் பாதையை எடைபோடுவது நியாயமில்லை. அதிர்வைத் தாங்கும் ரப்பர் அடுக்கு, ஓரச் சுவர், தண்டவாளத்தை அவ்வப்போது தேய்த்துச் சீராக்குவது என்று நிறைய வந்துவிட்டன. ஆனால் கூர்மையான வளைவுக்கு முழு மருந்து இல்லை. வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது அந்த வளைவைத்தான்.

அடுத்து அகலம். இரட்டைப் பாதைத் தளம் சுமார் 9, 10 மீட்டர். அது ஓடும் தெரு 30 மீட்டர் என்றால் வெளிச்சமும் காற்றும் வரும். நிலையம் பெரும்பாலும் 20 மீட்டருக்கு மேல் அகலம் எடுக்கும். குறுகிய தெருவில் அதை வைத்தால் கீழே பகலிலேயே இருட்டு, முதல் மாடி ஜன்னலுக்கு எதிரே நடைமேடை. அப்படிப்பட்ட இடத்தில் மேம்பாலத்தை நானும் எதிர்ப்பேன்.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் டோக்கியோவின் ஒடாக்யூ பாதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. செடகாயா பகுதியில் அதை நான்கு தண்டவாளமாக அகலப்படுத்தினார்கள். ஒரு பகுதியை மேம்பாலமாகக் கட்டத் தீர்மானித்தபோது சுரங்கம் வேண்டும் என்று குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2001-இல் கீழ் நீதிமன்றத்தில் வென்றார்கள். பாதையோரத்தில் வசிப்பவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் அடுத்த ஆண்டு இறுதித் தீர்ப்பில் அவர்கள் தோற்றார்கள். அந்த மேம்பாலப் பகுதி 2004-லேயே முடிந்திருந்தது. அதை அடுத்த ஷிமோகிடாசாவா பகுதி சுரங்கமானது. அங்கே ரயில் பூமிக்குள் இறங்கியது 2013-இல், நான்கு தண்டவாளமும் முடிந்தது 2018-இல். மேலே காலியான சுமார் 1.7 கிலோமீட்டர் நிலத்தில் சிறு கடைகளும் நடைவழியும் குடியிருப்பும் 2022-க்குள் வந்தன.

ஷிமோகிடாசாவாவைப் பார்த்தால் சுரங்கம்தான் அழகு என்று தோன்றும். உண்மைதான். ஆனால் அங்கே மேலே கிடைத்தது ஏற்கெனவே ரயில் ஓடிய நிலம், மூடிய கேட்டுகளின் நிலம். புதிதாக நீளும் பாதையில் அப்படி நிலம் எதுவும் மிச்சமாகக் கிடைக்காது. ஏற்கெனவே பிளவுபட்ட பகுதியைச் சேர்க்கத்தான் சுரங்கம் மிக அதிகமாக உதவுகிறது.

பலன் யாருக்கு?

ரயில் வந்தால் நிலத்தின் மதிப்பு கூடும். நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், அதாவது எண்ணூறு மீட்டர் வட்டத்தில், இது தெளிவாகத் தெரியும். சொந்த வீடு வைத்திருப்பவருக்கு அது நல்ல செய்தி. வாடகைக்கு இருப்பவருக்கு அதே செய்தி வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதமாக வரலாம். ரயில் ஓடுவதற்கு முன்பே, அறிவிப்பு வந்த நாளிலிருந்தே வாடகை ஏறத் தொடங்கும். பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்து, ரயில் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவர்களே ரயில் வரும்போது அங்கே இல்லாமல் போவதைவிட வருத்தம் தருவது எனக்கு வேறில்லை.

லாஸ் ஏஞ்சலிஸின் கிரென்ஷா பாதையில் கறுப்பின மக்கள் அதிகம் வசிக்கும் பகுதி இரண்டு கோரிக்கை வைத்தது: லெய்மர்ட் பார்க்கில் நிலையம் வேண்டும், தங்கள் கடைத்தெருவில் பாதை சுரங்கமாகப் போக வேண்டும். முதலாவது கிடைத்தது. இரண்டாவது கிடைக்கவில்லை, பார்க் மெசா ஹைட்ஸில் ரயில் தரையிலேயே ஓடுகிறது. ஆனால் வேலை நடக்கும்போதே, 25 பேர் அல்லது அதற்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் சிறு கடைகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வரை இழப்பை ஈடுகட்டும் நிதி ஒன்றைப் போக்குவரத்து ஆணையம் அமைத்தது. கேம்பி தெருவின் அந்தக் கடைக்காரர் வழக்குப் போட்டும் பெற முடியாததை, இவர்கள் மனு எழுதிக் கேட்க முடிந்தது. 2022 அக்டோபரில் பாதை திறந்தது.

என் கணக்கில் அந்த நிதி, சுரங்கத்தைவிடப் பெரிய வெற்றி. சுரங்கம் கண்ணுக்கு நல்லது, நிதி பிழைப்புக்கு நல்லது.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

தெரு 30 மீட்டரோ அதற்கு மேலோ அகலம், கூர்மையான வளைவு இல்லை என்றால் மேம்பாலம். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை மூன்றுக்கென்று ஒதுக்கக் கேட்பேன்: கூடுதல் நிலையம் ஒன்று, வேலைக்காலத்தில் சிறு கடைகளுக்கு நிதி, நிலையத்தை ஒட்டிய அரசு நிலத்தில் குறைந்த வாடகை வீடுகள். மூன்றும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும், கூட்டத்தில் சொன்ன வாக்குறுதியாக இருந்தால் போதாது.

தெரு குறுகியது, இருபுறமும் வீடுகள் என்றால் துளைக்கும் சுரங்கம். அங்கே என் சண்டை நிலையத்தின் குழி எங்கே வெட்டப்படும் என்பதில் இருக்கும். கடைத்தெருவின் நடுவில் வேண்டாம், பக்கத்து மைதானத்தின் ஓரமோ வாகன நிறுத்துமிடமோ இருந்தால் அங்கே. வெட்டி மூடும் முறையை ஒரே நிபந்தனையில்தான் ஏற்பேன்: ஒவ்வொரு துண்டுச் சாலையும் எத்தனை மாதம் மூடியிருக்கும் என்று தேதியோடு எழுதித் தர வேண்டும், தாண்டினால் கடைகளுக்கு நாள் கணக்கில் பணம் தர வேண்டும்.

பஸ்ஸையும் மறந்துவிடக் கூடாது. ரயில் வந்ததும் நேராக ஊருக்குள் போய்க்கொண்டிருந்த பஸ்களை நிறுத்தி, நிலையத்தோடு முடித்துவிடுவது பல இடங்களில் வழக்கம். நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு லாபம், ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஒரு பயணம் இரண்டாக உடைகிறது. பாஸ்டனின் வாஷிங்டன் தெருவில் 1901 முதல் ஓடிய மேம்பால ரயிலை 1987-இல் எடுத்தார்கள். தூண்கள் போய்த் தெருவுக்கு வெயில் வந்தது. ரயிலோ சற்று மேற்கே, நெடுஞ்சாலைக்கென்று வீடுகளை இடித்துக் காலியாக்கி, பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டதால் கிடந்த நிலத்தின் வழியே போனது. ராக்ஸ்பரி என்ற பகுதியில் அந்தத் தெருவை நம்பியிருந்தவர்களுக்கு மாற்றாக வந்த விரைவு பஸ், 2002-இல்தான் ஓடத் தொடங்கியது. பதினைந்து ஆண்டுகள்.

எனவே அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகும்போது நான்கு தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: வளைவுகளைக் காட்டும் பாதை வரைபடம், நிலைய வாசல்கள் எந்தத் தெருவில் திறக்கும் என்ற படம், ஒவ்வொரு சாலையும் மூடப்படும் மாதங்களின் அட்டவணை, ரயில் ஓடிய மறுநாள் எந்தப் பஸ் எங்கே போகும் என்ற பட்டியல். கடைசித் தாள் பெரும்பாலும் தயாராக இருக்காது. அது வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.